கைப்பிடி பார்த்த திசை

21-4-2025, திங்கள். மாலை வகுப்பு முடிந்த பிறகு.

இன்று தெரிந்துகொண்ட ஒரு சிறு பிழை: சனிக்கிழமை ஷிப்ட் நோட்டில் நான் எழுதிய ஒரு வரி, நான் பார்த்தது அல்ல, நான் நினைத்தது. ‘அம்சவல்லிக்கு வேலையில் கவனமில்லை’ என்று எழுதியிருக்கிறேன். பார்த்தது இவ்வளவுதான்: ஒன்பதேகால் மணிக்கு அம்சவல்லி அக்கா போனை எடுத்துப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மறுபடி கைப்பிடி ஒட்ட ஆரம்பித்தார். சிறு பிழை என்று மேலே எழுதிவிட்டேன். சிறியதுதானா என்று தெரியவில்லை.

கயல்விழி பேனாவை மூடிவிட்டு, எழுதியதை மூன்று முறை படித்தாள். எதை எழுதினாலும் மூன்று முறை படிப்பது அவள் வழக்கம். முதல் முறை எழுத்துக்காக, இரண்டாம் முறை எண்ணுக்காக, மூன்றாம் முறை பயத்துக்காக.

பாலக்கரைப் பக்கம் செல்போன் கடைக்கு மேல்மாடியில் நடந்த அந்த வகுப்புக்கு ‘மனிதத் தொடர்பின் அடிப்படைகள்’ என்று பெயர். ஆறு மாதப் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதால்தான் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டு மாதமாகியும் கடைசி பெஞ்சை விட்டு நகரவில்லை.

அன்று வகுப்பெடுத்த ஸ்மிருதி அவளைவிட இரண்டு வயதுதான் பெரியவள். உள்ளே வந்ததும் பையை மேசைமேல் தொப்பென்று போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். ஐந்து நிமிடம் கழித்து வந்து, “என்ன நடந்துதுன்னு எழுதுங்க” என்றாள். இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். பத்தொன்பது தாள்களில் ‘மேடம் கோபமாக இருந்தார்’ என்று இருந்தது.

ஸ்மிருதி பையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு பக்கத்து வார் அறுந்து தொங்கியது.

“படியிலயே அறுந்துபோச்சு. கீழ கடையில ஊக்கு வாங்கப் போனேன். இதுல கோவம் எங்க இருந்து வந்துது?”

வகுப்பே சிரித்தது. அவள் பலகையில் மூன்று கட்டம் போட்டாள். கண்டது. கேட்டது. நினைத்தது. “இந்த மூணாவது இருக்குதே, அதுதான் எப்பவும் முந்திக்கினு வரும். வந்து, நான்தான் முதலாவதுன்னு உக்காந்துக்கும்” என்றாள்.

கயல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்தொன்பதில் ஒரு தாள் அவளுடையது. அதைவிட, அன்று காலை நடந்தது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அவள் வேலை பார்த்தது செராமிக் எஸ்டேட்டில், டீக்கோப்பை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில். அச்சில் வார்த்த கோப்பை பாதி காய்ந்ததும் கைப்பிடி மேசைக்கு வரும். அந்த மேசையில் இரண்டு பேர், அம்சவல்லியும் மீராவும். ஒட்டியதை ஒரு நாள் காயவைத்து முதல் சூளையில் சுடுவார்கள். சூளை திறந்ததும் கயல்விழி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பாள். ஷிப்ட் நோட்டும் அவள் பொறுப்பு. நல்ல கோப்பை ‘டிங்’ என்று மணி போல் பேசும். விரிசல் விட்டது ‘டொக்’கென்று ஊமையாகும்.

சித்திரை பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே டொக் அதிகமாகிவிட்டது. விரிசல் எல்லாம் ஒரே இடத்தில், கைப்பிடியின் மேல் ஒட்டில். கோப்பையின் அடியில் ஒட்டியவர் குறி இருக்கும். மீராவுக்கு இரண்டு கோடு, அம்சவல்லிக்கு வட்டம். பத்து நாளில் கழிந்த கோப்பைகள் நூற்று முப்பத்தொன்று. அதில் வட்டம் போட்டது நூற்றிருபத்தாறு.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் நந்தகுமார் ஷிப்ட் நோட்டை எடுத்து, எல்லோர் முன்னாலும் அந்த ஒரு வரியைப் படித்தார். படித்துவிட்டு, “நான் சொல்லல, நோட்டு சொல்லுது” என்றார். முதலாளி ஆதிநாராயணன் அதிகம் பேசுபவர் இல்லை. “வெள்ளிக்கிழமை சூளை தொறந்து பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, நீங்க கைப்பிடி மேசைய வுட்டு மண்ணு பிசையற பக்கம் போயிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் அம்சவல்லி. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்சவல்லியைக் கயல்விழி கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த நான்கு வாக்கியங்களில் மூன்று நாக்குக்கு வரவில்லை.

“அக்கா, அந்த வரி… நான்தான் எழுதினேன்.”

“தெரியும். அத மட்டும் முத்து முத்தா எழுதியிருந்தியே.”

“சனிக்கிழம நீங்க போனப் பாத்து அழுதீங்க. அத வச்சு…”

“அழுதனா? எட்டு மணி பஸ்ஸ வுட்டுட்டு லாரி பின்னாடி டி.வி.எஸ்ஸுல வந்தேன். கண்ணு பூரா தூசி. போன்ல என் மூஞ்சியப் பாத்து தொடச்சிக்கினேன்.” அம்சவல்லி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “வுடு. நீ எழுதலன்னாலும் வட்டம் போட்ட கப்பு ஒடஞ்சது நெசந்தானே. எங்கிட்டதான் கோளாறு. இஸ்கூல்ல வாத்தியார் ஸ்கேலால அடிச்சாரு, கல்யாணத்தப்போ மாமியா மூஞ்சத் திருப்பிக்கினாங்க. பீச்சாங்கைக்காரி ஒட்டினா எப்படி ஒட்டும்?”

அம்சவல்லி உள்ளே போய் மேசையில் உட்கார்ந்ததும் கயல்விழி அதைப் பார்த்தாள். அம்சவல்லி வலது கையால் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதல் கைப்பிடி கோணலாக நின்றது. இரண்டாவது வழுக்கி மடியில் விழுந்தது. பதினாறு வருடக் கை, மூன்று வயதுப் பிள்ளையின் கை போலத் தடுமாறியது.

ஒரு வரி ஒரு மனுஷியை அவள் கையிலிருந்தே பிரித்துவிட்டதே என்று கயல்விழி நினைத்தாள். உடனே, இதுவும் மூன்றாம் கட்டம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தரம் பிரிக்க அன்று சூளை இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு ஓரமாக உட்கார்ந்தாள். புதுப் பக்கம் எடுத்து மூன்று கட்டம் கிழித்தாள். மூன்றாவது கட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டாள். மத்தியானம் வரை பார்ப்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு.

“என்னாடி, எங்களப் பத்தி சினிமா கதையா எழுதற?” என்றாள் மீரா.

“மீரா அக்கா 9.20க்கு, சினிமா கதையான்னு கேட்டாங்க,” என்று எழுதிக்கொண்டே படித்தாள் கயல்விழி. மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்சவல்லியின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது.

எழுத எழுதப் பக்கம் நிறைந்தது. ஒன்றிலும் உப்புச் சப்பில்லை. மீரா கோப்பையை இடது கையில் பிடித்து வலது கையால் கைப்பிடியை அழுத்துகிறாள். பலகையில் வைக்கும்போது கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது. ஒரு பலகைக்குப் பன்னிரண்டு கோப்பை. பலகை நிறைந்ததும் அதை நேராக முன்னால் தள்ளி, எதிர்ச் சுவரோரம் இருக்கும் அலமாரித் தட்டில் ஏற்றுகிறார்கள். ஒட்டிய கோப்பையை யாரும் திருப்புவதில்லை, தொடுவதுமில்லை. ‘ஒட்டினதத் தொடாத’ என்பதுதான் இந்த மேசையில் உட்காரும் யாருக்கும் முதல் நாள் சொல்லும் சொல். முந்தைய நாள் ஏற்றிய பலகைகளில் அம்சவல்லியின் கோப்பைகளுக்கு மட்டும் கைப்பிடி இடப்பக்கம் பார்த்து நின்றது.

இதில் என்ன இருக்கிறது? இடக்கைக்காரி வைத்தால் இடப்பக்கம் பார்க்கும். கயல்விழி அடுத்த வரிக்குப் போனாள். அப்போது பக்கம் படபடவென்று அடித்துப் புரண்டது. எரிச்சலுடன் எழுந்துபோய் நோட்டைத் தட்டின் மேல் வைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதினாள். அங்கே இன்னும் மோசம். மேசைக்கும் தட்டுக்கும் இடையே, இடது கோடியில், நந்தகுமார் ஏழாம் தேதி கொண்டுவந்து வைத்த பழைய மின்விசிறி நின்று தட்டு நெடுக ஊதிக்கொண்டிருந்தது. தலை திரும்பாத விசிறி. ஊதினால் ஒரே திசைதான்.

அவள் எழுதினாள்: ‘9.55. விசிறிக் காற்றில் நோட்டுப் பக்கம் புரண்டது.’

எழுதிய கை நின்றது. நோட்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்தாள். மீராவின் கோப்பை ஒன்றின் கைப்பிடி அருகே தூக்கிப் பிடித்தாள். காகிதம் அசையவில்லை. கோப்பையின் வயிறே காற்றை மறைத்துக்கொண்டது. அடுத்து, அம்சவல்லியின் கோப்பைக் கைப்பிடி அருகே பிடித்தாள். காகிதம் பட்டம் போலத் துள்ளியது.

கைப்பிடி மெலிசு. காற்றுப் பட்டால் அதுதான் முதலில் காய்ந்து சுருங்கும். கோப்பையின் உடம்பிலோ இன்னும் ஈரம். ஒன்று இழுக்க, மற்றது வராமல் நிற்க, ஒட்டிய இடம் மயிரிழையாகப் பிளக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுட்ட பிறகுதான் டொக். விசிறி வந்தது ஏழாம் தேதி. அன்று ஒட்டியது சூளை திறந்து வந்தது பத்தாம் தேதி; விரிசல் கூடியதும் அன்றிலிருந்துதான்.

மூன்றாம் கட்டத்தில் போட்ட பெருக்கல் குறியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் எழுதினாள்: ‘காரணம் அக்கா அல்ல, காற்று. (நினைத்தது.)’ மூன்று முறை படித்தாள். இதையும் தப்பாக நினைத்திருந்தால்? சனிக்கிழமை அக்காவைப் பிடித்ததுபோல், செவ்வாய்க்கிழமை விசிறியைப் பிடித்துக்கொண்டால்? சொன்னால் போதாது. செய்து பார்க்க வேண்டும். கோப்பையைத் தொடக் கூடாது, சரி. பலகையைத் தொடலாமே! பலகையைத் தலைமாற்றி வைத்தால் கைப்பிடியெல்லாம் தாமாகவே திசை மாறும்.

முதலாளி மத்தியானம் டீ குடிக்கும் நேரத்தில் அவர் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே நந்தகுமாரும் இருந்தார்.

“என்னம்மா?”

நாக்கு ஒட்டிக்கொண்டது. நோட்டைத் திறந்தாள். பேச வரவில்லை என்றால் படிக்கலாம் அல்லவா? எட்டு ஐம்பதிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சினிமா கதை வரியையும் விடவில்லை. முதலாளி சிரிக்காமல் கேட்டார். விசிறி வந்த இடத்தில் நந்தகுமார் எழுந்துவிட்டார்.

“ஓகோ! இப்ப என் ஃபேன்தான் குத்தவாளியா? வெயில்ல வேவறாங்களேன்னு என் வூட்டுல இருந்து தூக்கினு வந்தேன். எம் பொண்டாட்டிகிட்ட இன்னும் அதுக்குத் திட்டு வாங்கினு இருக்கறேன். நல்லதுக்குக் காலமில்ல மொதலாளி!”

“உங்கள நான் குத்தம் சொல்லலண்ணே. ஃபேன் வச்சீங்க, அது கண்டது. அதனாலதான் ஒடஞ்சுதுன்றது நான் நெனச்சது. நெனச்சது சரியான்னு பாக்கத்தான் கேக்கறேன். இன்னிக்கி ஏத்தற எல்லாப் பலகையையும் தலமாத்தி வையுங்க. அம்சவல்லி அக்கா கைதான் கோளாறுன்னா வட்டம் போட்டது திரும்பவும் ஒடையும். காத்துதான்னா, இந்தத் தடவ ரெண்டு கோடு போட்டது ஒடையும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஏழு வாக்கியங்களையும் நோட்டைப் பார்க்காமலே சொல்லியிருந்தாள்.

“ரெண்டு கோடு மீராவோடது ஆச்சே. அந்தம்மா ஒத்துக்குவாங்களா?” என்றார் முதலாளி.

மீரா ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். “ஒடையட்டும் மொதலாளி! பத்து நாளா நான் என்னமோ கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்கறாங்க. எனக்கே கூச்சமா இருக்குது. என் கையும் என்னான்னு தெரிஞ்சிடட்டும்.”

முதலாளி டீயைக் குடித்து முடித்தார். “வைங்க. வெள்ளிக்கிழம சூளை சொல்லட்டும்.”

எல்லாம் கூடிவந்தது, ஒன்றைத் தவிர. அம்சவல்லி இன்னும் வலது கையால்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க கையால ஒட்டுங்க.”

“இதுவும் என் கைதான்.”

“அது இல்ல. நீங்க வலது கையால ஒட்டி வச்சா இந்தச் சோதனையே செல்லாது. உங்க கைய வச்சித்தான் உங்க கைக்கு நாயம் கேக்க முடியும்.”

அம்சவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஒடஞ்சா?”

“ஒடஞ்சா, ஒடஞ்சுதுன்னு எழுதுவேன்.” கயல்விழிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஏனோ அந்தப் பதில்தான் அம்சவல்லிக்குப் பிடித்திருந்தது. கையை மாற்றினாள். குழைத்த மண்ணைத் தொட்டுக் கைப்பிடியின் இரு முனையிலும் தடவி, ஒரே அழுத்து. இடது கட்டைவிரலால் ஓரத்தை ஒரு வழி. கைப்பிடி கோப்பையோடு பிறந்தது போல நின்றது. காலையில் வலது கையால் ஒட்டியதை ஒதுக்கிவிட்டு, மாலைக்குள் எட்டுப் பலகை. வட்டம் நாற்பத்தெட்டு, இரண்டு கோடு நாற்பத்தெட்டு. நந்தகுமாரும் மீராவும் ஆளுக்கொரு முனை பிடித்து, கல்யாணச் சீர்வரிசை போலப் பலகைகளைத் தலைமாற்றித் தட்டில் ஏற்றினார்கள். இப்போது மீராவின் கைப்பிடிகள் விசிறியைப் பார்த்தன. அம்சவல்லியின் கைப்பிடிகள் முதுகைக் காட்டின.

புதன்கிழமை காய்ந்தது. அன்று சாயங்காலம் சூளைக்குப் போனது. வியாழன் முழுக்கச் சூளை ஆறிக்கொண்டிருக்க, கயல்விழி மூன்றாம் கட்டத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதினாள். மண்ணில் கோளாறு இருக்குமோ. ஒட்டுவதற்குக் குழைத்த மண்ணில் இருக்குமோ. இரண்டு பேருடையதும் உடைந்தால்? இரண்டும் உடையாவிட்டால்? எழுதியதையெல்லாம் மூன்று முறை படித்தாள். பயம் தீரவில்லை, ஆனால் எழுதிய அளவுக்கு அதற்கு ஒரு எல்லை வந்தது.

25-4-2025, வெள்ளி. சூளைக்காரர் பழமலைநாதன் ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. வார்ப்புக்காரர்கள், மெருகு போடுகிறவர்கள், லோடு ஏற்ற வந்த டிரைவர் வரை எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலாளி ஒரு கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்தார். அம்சவல்லி தூணுக்குப் பின்னால் நின்றாள்.

கயல்விழி வட்டக் குறிகளை ஒரு பக்கமும் கோடுகளை ஒரு பக்கமும் பிரித்து வைத்தாள். கையில் தட்டுவதற்கு ஒரு நல்ல கோப்பை.

முதல் வட்டம். டிங்.

இரண்டாவது. டிங். மூன்றாவது. டிங். பத்து ஆனதும் பழமலைநாதன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபதில் மீரா வாய்விட்டு எண்ணினாள். முப்பதில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். “முப்பத்தி ஒண்ணு!” டிங். “முப்பத்தி ரெண்டு!” டிங். தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி ஒரே குரலாக எழுந்தது. நாற்பத்தொன்றில் டொக்.

கயல்விழி அதைத் திருப்பிப் பார்த்தாள். விரிசல் கைப்பிடியில் இல்லை, அடியில். இருந்தாலும் நோட்டில் எழுதினாள்: ‘வட்டம், ஒன்று, அடி விரிசல்.’ எழுதிவிட்டு அடுத்ததைத் தட்டினாள். டிங். மிச்சம் ஏழும் டிங்.

அடுத்து மீராவின் கோப்பைகள். முதலாவது டிங். இரண்டாவது டொக். கைப்பிடி மேல் ஒட்டில் மயிரிழை. நாலாவது டொக். அதே இடம்.

“ஐயோ, என் கையும் போச்சே!” என்று மீரா தலையில் கை வைத்துக்கொண்டு குதித்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் தோற்று அந்தப் பட்டறை பார்த்ததில்லை. ஒவ்வொரு டொக்குக்கும் கைதட்டினாள். நாற்பத்தெட்டில் பத்தொன்பது டொக். பத்தொன்பதும் கைப்பிடியின் மேல் ஒட்டில்.

பத்தொன்பது என்ற எண்ணை எழுதும்போது கயல்விழிக்கு வகுப்புத் தாள்கள் ஞாபகம் வந்தன. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். நாலு பேர் இல்லை, இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

“சனிக்கிழம நான் எழுதின வரி தப்பு. அம்சவல்லி அக்காவுக்குக் கவனமில்லன்னு எழுதினேன். நான் அத பாக்கல. நெனச்சேன். நெனச்சத பாத்த மாதிரி எழுதினேன். பத்து நாளா அவங்க ஒட்டின ஒட்டு நல்ல ஒட்டு. காத்துதான் பிரிச்சுது.”

நந்தகுமார் ஷிப்ட் நோட்டை நீட்டினார். “அந்த வரிய அடிச்சிடும்மா. படிச்சு சத்தம் போட்டவன் நானு. எனக்கே அசிங்கமா இருக்குது.”

“அடிக்காத!” தூணுக்குப் பின்னாலிருந்து அம்சவல்லி வெளியே வந்தாள். “அது அப்படியே இருக்கட்டும். கீழ இன்னிக்கித் தேதி போட்டு, நடந்தத எழுது. எதுக்கு அடுத்தது எதுன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும்ல.” பிறகு நந்தகுமார் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நோட்டு சொல்லுதுன்னு அன்னிக்கி சத்தமாப் படிச்சீங்களே. இன்னிக்கி எழுதறதையும் அதே சத்தத்துல படிங்க.”

நந்தகுமார் படித்தார். லோடு டிரைவர் விசிலடித்தார். முதலாளி பக்கெட்டிலிருந்து எழுந்து, வட்டக் குறி போட்ட கோப்பை ஒன்றை எடுத்து விரலால் சுண்டினார். டிங் என்றது. “மேசைக்குப் போங்கம்மா, வேல கெடக்குது” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் மரியாதையை யாரும் கேட்டதில்லை.

அம்சவல்லி போகிற வழியில் கயல்விழி அருகே நின்றாள். கோப்பைத் தூசி படிந்த இடது கையால் அவள் கன்னத்தை நிமிண்டினாள். “பீச்சாங்கையால கொஞ்சறேன், பரவாயில்லயா கலெக்டரம்மா?”

“அதால கொஞ்சினாத்தான் ஒட்டும்” என்றாள் கயல்விழி. யோசிக்காமல், மூன்று முறை படிக்காமல், அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

விசிறியை எடுத்துவிடலாமா என்று நந்தகுமார் கேட்டபோது, இரண்டு பெண்களும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். சித்திரை வெயிலில் அதையும் எடுத்தால் கைப்பிடியோடு தாங்களும் வெடித்துவிடுவோம் என்றாள் மீரா.

அன்று மாலை வகுப்பு இல்லை. கயல்விழி வீட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

கண்டது: வட்டம் 48, விரிசல் 1. இரண்டு கோடு 48, விரிசல் 19.

கேட்டது: முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ரெண்டு என்று எல்லோரும் சேர்ந்து எண்ணியது.

நினைத்தது: இன்று நான் நன்றாகப் பேசினேன். (சரிபார்க்க வேண்டும்.)

நாளை: எட்டு மணிக்கு முன் போக வேண்டும். விசிறிக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவே சாக்குத் திரை கட்ட வேண்டும். அளவு ஆறு அடிக்கு நாலரை அடி. கடைவீதியில் சணல் கயிறு வாங்க வேண்டும்.